கண்டதை எழுதுங்கள்



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் பக்கம் பெரும்பாலும் யாரும் படிக்காத பக்கம் என்பதை நான் அறிவேன். படங்களைப் பார்த்து, நம் பிள்ளையின் பெயர் எங்கே அச்சாகியிருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, பிறகு மலரை அலமாரியில் வைத்துவிடுவதே நம் வழக்கம். எனினும் இவ்வாண்டு என்னிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுப் படங்களுக்குச் செல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

முப்பது ஆண்டுக்காலமாகக் கட்டுரை ஏடுகளைத் திருத்தி வருகிறேன். இக்காலத்தில் எத்தனை குடைகள் என் மேசைக்கு வந்து போயின என்பதற்குக் கணக்கில்லை. 'நான் ஒரு குடை' என்று தலைப்புக் கொடுத்தால், குடை எப்பொழுதும் ஒரு தொழிற்சாலையில்தான் பிறக்கிறது. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்திருக்கிறது. ஒரு நல்ல மனிதர் வந்து வாங்கிச் செல்கிறார். இறுதியில் கம்பி ஒடிந்து குப்பைத்தொட்டியில் கிடந்து கண்ணீர் வடிக்கிறது. ஒரே வகுப்பில் முப்பது ஏடுகள்; முப்பது குடைகளும் ஒரே மாதிரியாக இறந்து போகின்றன. அவ்வாறே, கடலைக் கண்ணால் கண்டிராத பிள்ளை பொன்னிற மணலையும் வெள்ளி அலையையும் வருணிக்கிறான். மிருகக்காட்சிசாலைக்குப் போகாத பிள்ளை சிங்கத்தின் பிடரி மயிரைப் பற்றி ஒரு பத்தி எழுதுகிறாள். ஆறாம் ஆண்டு யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டபொழுது, அத்தேர்வுக்காக மனனம் செய்யப்பட்ட குடைகளும் அதனோடு போய்விடும் என்று ஆசிரியர் பலர் எண்ணினோம். குடை இன்னும் மடங்கவில்லை.

இதே பிள்ளைகள்தாம் காலையில் பள்ளித் தாழ்வாரத்தில் நின்று, செம்பனைத் தோப்பிலிருந்து வந்த குரங்கு ஒன்று சிற்றுண்டிச்சாலைக்குள் புகுந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு போனதைக் கையாலும் காலாலும் நடித்துச் சொல்கிறார்கள். அதில் வருணனை இருக்கிறது, உரையாடல் இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது. மணி அடித்ததும் வகுப்புக்குள் சென்று அமர்ந்து, அதே பிள்ளைகள் குடையைப் பற்றி எழுதத் தொடங்குகிறார்கள்.

குறை பிள்ளைகளிடத்தில் இல்லை. பிள்ளை தானாக எதையேனும் தாளில் எழுதினால் வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? "கண்டதையும் கிறுக்காதே, போய்ப் பாடத்தைப் படி" என்கிறோம். 'கண்டது' என்னும் நல்ல தமிழ்ச் சொல்லுக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். கண்டது கற்கப் பண்டிதனாவான் என்ற பழமொழி வழங்கும் அதே மொழியில், கண்டதையும் தின்னாதே, கண்டவனோடும் சேராதே, கண்டபடி பேசாதே என்று சொல்லிச் சொல்லி, கண்ணால் கண்டது என்றாலே மதிப்பற்றது என்று ஆக்கிவிட்டோம். என் வேண்டுகோள் இதற்கு நேர்மாறானது. கண்டதை எழுதுங்கள். நாள்தோறும் நான்கு வரி, சொந்த ஏட்டில், தேதியிட்டு எழுதுங்கள்.

இதனைப் புதிய யோசனை என்று யாரும் கருத வேண்டாம். ஏறத்தாழ 290 ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழர் இதைத்தான் செய்தார். அவர் பெயர் ஆனந்தரங்கப்பிள்ளை. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் வணிகராக வாழ்ந்து, ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் தலைமைத் துபாஷியாக விளங்கியவர். துபாஷி என்றால் இரு மொழி அறிந்து நடுநின்று பேசுபவர். அவர் 1736 செப்டம்பர் 6ஆம் நாள் ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினார். காதில் விழுந்ததையும், கண்ணில் பட்டதையும், துறைமுகத்திற்குக் கப்பல் வந்ததையும் போனதையும், அதிசயமாக ஏதேனும் நடந்தால் அதனையும் எழுதி வைக்கப் போவதாகத் தொடக்கத்திலேயே குறித்துக்கொண்டார். 1761 ஜனவரியில் அவர் இறந்த சில நாள்களுக்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் அவர் எழுதிய குறிப்புகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னை அரசாங்கம் அச்சிட வேண்டியிருந்தது என்றால், அவர் எவ்வளவு எழுதியிருப்பார் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அவர் எழுதியவை என்ன? 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்த செய்தி இருக்கிறது. 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்ட செய்தி இருக்கிறது. இவற்றை வரலாற்றாசிரியர் வேறிடத்திலும் காண முடியும். அவருடைய ஏட்டில் மட்டுமே கிடைப்பவை வேறு: யார் யாரைப் பார்க்க வந்தார், எந்த வேளையில் வந்தார், என்ன பரிசு கொடுத்தார், எத்தனை பீரங்கிக் குண்டு முழங்கி மரியாதை செய்தார்கள், சோதிடர் என்ன சொன்னார், கடைத்தெருவில் என்ன வதந்தி, ஆளுநர் அன்று கோபமாக இருந்தாரா மகிழ்ச்சியாக இருந்தாரா என்பன போன்ற செய்திகள். எழுதிய அன்று இவை அற்பச் செய்திகள். இன்றோ அக்காலத்துப் புதுச்சேரியை நம் கண்முன் நிறுத்துபவை இவையே.

அவருடைய தமிழ் பண்டிதத் தமிழன்று. தெலுங்கும், பாரசீகமும், பிரெஞ்சும், போர்த்துகீசியமும் கலந்த, அக்காலத்துப் புதுச்சேரித் தெருவில் வழங்கிய பேச்சு அது. இலக்கணம் பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்திருந்தால் நமக்கு 12 வரிகூடக் கிடைத்திருக்காது. அவர் மறைந்த பின் குடும்பத்தார் வீட்டிலேயே கிடந்த அந்த ஏடுகளை 1846ஆம் ஆண்டில் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். நம் வீட்டுச் சொத்தை நமக்கு அடையாளம் காட்ட இன்னொருவர் வர வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்பொழுது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

மாணவர்களுக்கு இன்னொருவரையும் அறிமுகப்படுத்துகிறேன். இலண்டனில் கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதினார். பிறர் படித்துவிடக் கூடாதென்று சுருக்கெழுத்தில் எழுதினார். 1666இல் இலண்டன் மாநகர் தீப்பற்றி எரிந்தபொழுது, அம்மனிதர் தோட்டத்தில் குழி தோண்டித் தம்முடைய திராட்சை மதுவையும் பாலாடைக்கட்டியையும் புதைத்து வைத்தார். ஊரே எரிகிறது, அவருக்குப் பாலாடைக்கட்டியைப் பற்றிய கவலை! ஆனால் அந்தப் பாலாடைக்கட்டியால்தான் மூன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தத் தீயின் அச்சம் நமக்குப் புரிகிறது. எரிந்த வீடுகளின் எண்ணிக்கையைப் படிக்கும்பொழுது அப்படிப் புரிவதில்லை.

இனி நம் பேராக் மாநிலத்துக்கு வருவோம். கோலகங்சார் நகரில் நில அலுவலகத்தின் அருகே வேலியிட்ட ஒரு முதிய கித்தா மரம் நிற்கிறது. சுற்றுலா சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒன்பது கன்றுகளை அந்நாள் பேராக் ஆட்சியாளர் ஹியூ லோ அங்கே நடச் செய்தார் என்பதும், அவற்றுள் எஞ்சியது இம்மரம் என்பதும் வரலாறு. எந்த ஆண்டு, எத்தனை கன்று, யார் நட்டார் என்பதெல்லாம் நமக்குத் தெரிகின்றன. ஏனெனில் அக்காலத்து அதிகாரிகள் எழுதி வைத்தார்கள். அதன் பின் ஈப்போவைச் சுற்றியும், சுங்கை சிப்புட்டிலும், தைப்பிங் பக்கத்திலும் கோடிக்கணக்கான கித்தா மரங்கள் வளர்ந்தன. அவற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சீவியவர்கள் நம்மவர்கள். இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போய், நிரை பிரித்துக்கொண்டு, விளக்கைத் தலையில் கட்டி மரம் சீவி, காண்டாவில் பால் சுமந்தவர்கள். அவர்கள் அன்றாடம் என்ன கண்டார்கள், எதற்குச் சிரித்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதற்கு அவர்கள் கையால் எழுதிய சான்று எத்தனை இருக்கிறது? கம்பெனிக் கணக்கு இருக்கிறது. துரைமார் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. தொழிலிலாகாவின் ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. செக்ரோலில் நம் பாட்டன் பாட்டி பெயர்கள் இருந்தன; பெயருக்கு நேரே வேலைக்கு வந்த நாளும் கூலியும் இருந்தன. அவ்வளவுதான். நம்மைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்தவர்கள்.

என் தாயார் பால்மரம் சீவியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒவ்வொரு மாலையும் கரித்துண்டால் ஒரு குறி இடுவார். வேலைக்குப் போன நாளுக்கு ஒரு கோடு. மழையால் சீவல் நின்ற நாளுக்கு ஒரு வட்டம். உடம்பு முடியாத நாளுக்கு ஒரு புள்ளி. மரப்பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும். ஆகவே விடியலில் மழை என்றால் அன்று சீவல் இல்லை. இது தோட்டத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்ததே, மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1970களின் இறுதியில் ஒரு மாதம், சம்பளத்தில் இரண்டு நாள் குறைந்திருந்தது. தாயார் ஒன்றும் பேசவில்லை. நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்திற்குச் சென்று, அதைக் கிராணியார் முன் வைத்தார். அவர் முதலில் சிரித்தார். பிறகு பால் நிறுவைப் பதிவேட்டைப் புரட்டி, அந்த இரண்டு நாளிலும் என் தாயார் பால் கொண்டு வந்து நிறுத்திருப்பதைக் கண்டார். இரண்டு நாள் சம்பளம் வந்து சேர்ந்தது.

எழுத்தறியாத ஒரு பெண்மணியின் கரிக்கோடு அச்சடித்த செக்ரோலைத் திருத்தியது. ஆனால் ஆண்டு முடிந்ததும் எல்லா வீட்டிலும் நடந்ததுபோல அந்த நாள்காட்டியும் அடுப்பெரிக்கப் போயிற்று. அப்படிப்பட்ட ஒன்றேனும் எஞ்சியிருந்தால், அக்காலத்தில் ஒரு பெண் ஆண்டுக்கு எத்தனை நாள் மரம் சீவினார், எந்த மாதத்தில் மழை மிகுதி என்பதை நம் நான்காம் ஆண்டு மாணவர்கள் கணக்குப் பாடத்தில் கூட்டிப் பார்த்திருப்பார்கள். குடையின் கண்ணீரைவிட அது பயனுள்ள பயிற்சி என்பது என் கருத்து.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1942 ஜூன் 12ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமிக்குப் பதின்மூன்றாம் பிறந்தநாள் பரிசாக ஒரு நாட்குறிப்பேடு கிடைத்தது. அடுத்த மாதமே குடும்பத்தோடு தலைமறைவாக வாழ நேர்ந்த அச்சிறுமி, ஈராண்டுக்காலம் அதில் எழுதினாள். பகைவர் கையில் சிக்கி 1945இல் முகாமில் மாண்டாள். 1947இல் அவள் ஏடு நூலாயிற்று. இன்று அவளை அறியாத நாடில்லை. அதே 1942இல்தான் ஜப்பானியர் சயாம்–பர்மா இரயில் பாதையைப் போடத் தொடங்கினார்கள். 415 கிலோமீட்டர்ப் பாதை 1943 அக்டோபரில் முடிவதற்குள், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட நம்மவர் பல்லாயிரவர் காட்டிலும் காய்ச்சலிலும் மடிந்தார்கள். அங்கே சிறைப்பட்டிருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலர் உயிரைப் பணயம் வைத்து ஒளித்து ஒளித்துக் குறிப்பெழுதினார்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் டன்லப் அவ்வாறு எழுதிய நாட்குறிப்புகள் 1986இல் நூலாக வெளிவந்தன. நம்மவர் துயரம் திரும்பி வந்த சிலரின் வாய்ச்சொல்லாக மட்டுமே வீட்டுத் திண்ணைகளில் வாழ்ந்தது. அவர்கள் கண்மூடியபொழுது பெரும்பகுதி அவர்களோடே போயிற்று. பிற்கால எழுத்தாளர்கள் கேட்டறிந்து நாவலாக எழுதியிருக்கிறார்கள், அதற்கு நன்றியுடையோம். இருந்தும், அங்கே இருந்த ஒரு தோட்டத் தொழிலாளி தம் கையால் அன்றன்று எழுதிய நான்கு வரிக்கு அது ஈடாகுமா?

நல்லது, நம் பிள்ளைகள் போர்க்களத்தில் இல்லை. இறைவன் அருளால் இருக்கவும் வேண்டாம். "எங்கள் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது ஐயா?" என்று ஒரு தாயார் பெற்றோர் கூட்டத்தில் கேட்டார். நியாயமான கேள்வி. சோதனையாக ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலரிடம் ஏடு கொடுத்து எழுதச் செய்தோம். அவர்கள் எழுதியவற்றுள் இரண்டைப் பெயர் குறிப்பிடாமல் சொல்கிறேன்.

ஒரு சிறுமி எழுதியது: 'இன்று எங்கள் வீட்டுச் சேவல் பதினொரு மணிக்குக் கூவியது. அதற்கும் பள்ளி விடுமுறை என்று பாட்டி சொன்னார்.'

ஒரு சிறுவன் தந்தையோடு ஈப்போவுக்குச் சென்ற வழியில் ஒரு சாப்பாட்டுக் கடைப் பலகையைப் பார்த்திருக்கிறான். அதில் 'மீன் கறி' என்பதற்குப் பதிலாக 'மீன் கரி' என்று எழுதியிருந்ததாம். 'உள்ளே போய்ச் சாப்பிட்டோம். பலகை பொய் சொல்லவில்லை' என்று முடித்திருக்கிறான். றகர ரகர வேறுபாட்டை நான் பத்து ஆண்டு கற்பித்தாலும் இவ்வளவு தெளிவாகக் கற்பித்திருக்க முடியாது. (அக்கடை எங்கே இருக்கிறதென்று ஆசிரியர்கள் பலர் என்னைக் கேட்டுவிட்டார்கள். சொல்வதாக இல்லை.)

ஏட்டில் தமிழ் தூய்மையாக இருக்க வேண்டாமா என்று என் நண்பர்களாகிய தமிழாசிரியர்கள் கேட்பார்கள். வகுப்புக் கட்டுரையில் இருக்கட்டும். இந்த ஏட்டில் வேண்டாம் என்பேன். பெரட்டு, மங்கு, காண்டா, ஆயாக்கொட்டகை, ஒட்டுப்பால் என்னும் சொற்கள் அகராதியில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நம் மக்கள் உழைப்பில் புழங்கிய சொற்கள். பாட்டி 'பெரட்டு' என்று சொன்னால் பிள்ளை பெரட்டு என்றே எழுதட்டும். இந்த ஏட்டில் ஆசிரியரின் சிவப்பு மை படாது. எழுத்துப் பிழையைப் பிள்ளை வளர வளரத் தானே கண்டுகொள்ளும். அதற்குள் நாம் கோடு போட்டுப் போட்டு எழுதும் ஆசையையே அடித்துவிடக் கூடாது. பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையின் ஏட்டை அவன் காட்டினால் படியுங்கள், அவன் இல்லாதபொழுது எடுத்துப் படிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: பக்கத்து வீட்டுச் சண்டையும் பிறர் மானமும் உங்கள் ஏட்டுக்கு உரியவை அல்ல.

கைப்பேசி இருக்கும்பொழுது ஏடு எதற்கு என்பர் சிலர். கைப்பேசியை நான் வெறுப்பவன் அல்லன். ஆயினும் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். யாரோ எங்கோ கண்டு சிரித்த வேடிக்கை காலையில் நமக்கு வருகிறது. நாம் அதனை இருபது பேருக்கு அனுப்புகிறோம். மாலையில் அதுவே இன்னொருவரிடமிருந்து நமக்குத் திரும்பி வருகிறது. அதற்குள் நம் வீட்டு வாசலில் நடந்த வேடிக்கையை யாரும் பார்க்கவில்லை. படங்களும் அப்படியே. ஆயிரக்கணக்கில் எடுக்கிறோம், படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதி வைப்பதில்லை. கைப்பேசி ஒருநாள் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் அதோடு சரி. படம் எடுங்கள், எடுத்த அன்று ஏட்டில் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.

கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பழைய லயங்களில் பல இடிந்துவிட்டன. தோட்டத்துக் காடுகளுக்கு நம் முன்னோர் வைத்த பெயர்கள் இருந்தன. அப்பெயர் ஏன் வந்தது, அந்த நிரையில் யார் சீவினார்கள் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்று விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறார்கள். சிலர் பட்டணத்தில் மக்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆகவே இதனைச் சற்று விரைவாகவே செய்ய வேண்டியிருக்கிறது.

வரும் பள்ளியாண்டு தொடக்கத்தில், நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை ஒவ்வொரு மாணவருக்கும் நூறு பக்க ஏடு ஒன்றைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு பள்ளி வழங்கும். அடுத்த ஆண்டு மலரில், விரும்பிக் கொடுக்கும் மாணவர்களின் குறிப்புகளுக்கென எட்டுப் பக்கங்களை மலர்க்குழு ஒதுக்கியிருக்கிறது. தோட்டத்துத் தாத்தாமார், பாட்டிமாருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம்: மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, பசியாறிய பிறகு, பிள்ளைகள் இருவர் இருவராகப் பென்சிலும் ஏடுமாக உங்கள் வீட்டுக்கு வருவார்கள். முதல் மாதம் காடுகளின் பெயர்களை மட்டும் கேட்பார்கள். மெதுவாகச் சொல்லுங்கள், அவர்கள் எழுதி முடிக்கச் சற்று நேரமாகும். பழைய நாள்காட்டி, சம்பளச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பின்புறம் பெயர் எழுதாத படம் எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். பார்த்துக் குறித்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். தேநீர் கொடுத்தால் சர்க்கரை குறைவாகப் போடுங்கள் என்று சுகாதார ஆசிரியை சொல்லச் சொன்னார்.